உப்புத் தண்ணீர் வீட்டில் கீசர்: பன்னிரண்டு நிமிஷத்தில் லைட் அணைவது ஏன்?

கேள்வி: பல்லடம் பக்கம் எங்க ஊருங்க. நாலு வருஷம் முன்னாடி 25 லிட்டர் கீசர் மாட்டினோம், 2000 வாட்ஸ், உள்ளே கிளாஸ் லைனிங் டேங்க். குளிக்கிறதுக்கு போர் தண்ணிதான், உப்பு ஜாஸ்தி. நல்ல தண்ணி வாரத்துக்கு ஒரு தடவைதான் வருது. இதுவரைக்கும் கீசரைக் கழட்டிப் பார்த்ததே இல்லை. இப்போ ஸ்விட்ச் போட்டா உள்ளே சோளம் பொரியற மாதிரி சத்தம் வருது. பத்துப் பன்னிரண்டு நிமிஷத்துல லைட் அணைஞ்சுடுது, ஆனா தண்ணி வெதுவெதுன்னுதான் இருக்கு. அடியில இருக்கற வால்வுல இருந்து சொட்டுச் சொட்டா ஒழுகுது. ஒருத்தர் தெர்மோஸ்டாட்டைக் கூட்டி வெச்சுட்டு, ஒழுகற இடத்துல பிளக் அடிச்சு அடைச்சுடலாம்ங்கறார். இன்னொருத்தர் கீசரையே மாத்தச் சொல்றார். மாமனாருக்கு வயசாச்சு, அவர் குளிக்கப் போனா கரண்ட் அடிச்சுருமோன்னு பயமாவும் இருக்குது. என்ன பண்றதுங்க?

பதில்:

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், அம்மா. அந்த வால்வை எக்காரணம் கொண்டும் அடைக்க விடாதீர்கள். மற்றதெல்லாம் ஒரு வாரம் பொறுக்கும், இது பொறுக்காது.

தண்ணீர் சூடானால் விரியும். 25 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏறும்போது ஏறக்குறைய 350 மில்லி கூடுகிறது, அதாவது ஒன்றரை டம்ளர். தொட்டிக்குள் அதற்கு இடமில்லை. வந்த வழியே திரும்பிப் போகலாம் என்றால், தண்ணீர் நுழையும் இடத்தில் உள்ள அந்த வால்வு ஒருவழிப் பாதை, திருப்பி விடாது. அதனால் கூடிய அந்தத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வெளியேற்றும் வேலையையும் அதே வால்வே பார்க்கிறது. வீட்டுக் கீசர்களில் பெரும்பாலும் அழுத்தம் 8 பாருக்குப் போனால் அது திறக்கும்படி வைத்திருப்பார்கள். சூடாகும் நேரத்தில் மட்டும் சொட்டி, லைட் அணைந்த பிறகு நின்றுவிட்டால் வால்வு சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம். அதை அடைத்துவிட்டால் ஒவ்வொரு முறை சூடாகும்போதும் அந்த அழுத்தத்தைத் தொட்டியும் வெல்டிங்கும்தான் தாங்கியாக வேண்டும். அதோடு ஒருநாள் தெர்மோஸ்டாட்டும் ஒட்டிக்கொண்டு கரண்டை நிறுத்தாமல் போனால் தொட்டி வெடிக்கக்கூடும். குளியலறையில் கீசர் வெடித்து ஆள் சாவது இப்படித்தான்.

கீசர் அணைந்திருக்கும்போதும் இராப்பகலாக ஒழுகினால் அது வேறு விஷயம். வால்வின் இருக்கையில் உப்பு உட்கார்ந்து மூடவிடாமல் செய்கிறது, அல்லது பிரஷர் பம்பு அதிக அழுத்தம் கொடுக்கிறது. வால்வின் பக்கத்தில் சின்ன நெம்புகோல் இருக்கும். கீசர் ஆறியிருக்கும்போது அதைத் தூக்கி இரண்டு மூன்று விநாடி தண்ணீரைப் பீய்ச்ச விட்டு இறக்குங்கள். பொடி உப்பு அடித்துக்கொண்டு வந்துவிடும். மாதம் ஒருமுறை இதைச் செய்தால் வால்வு இறுகாது. நெம்புகோல் அசையவே இல்லை என்றால் வால்வையே மாற்றுங்கள், ரிப்பேர் பார்க்க வேண்டாம். ஒழுகும் தண்ணீர் தலையில் விழுகிறது என்பது தொந்தரவு என்றால், அந்த வாயில் ஒரு டியூப்பைச் சொருகிச் சுவரோரமாக இறக்கி விடலாம். டியூப் கீழ்நோக்கியே போக வேண்டும், முனை திறந்தே இருக்க வேண்டும், நடுவில் திறந்து மூடும் திருகு எதுவும் கூடாது.

இனி அந்தப் பன்னிரண்டு நிமிஷக் கணக்குக்கு வருவோம். உங்கள் கடிதத்திலேயே பெரிய துப்பு அதுதான். 2000 வாட்ஸ் காயில் 25 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 35 நிமிஷம் ஆகும். பன்னிரண்டு நிமிஷத்தில் ஏறக்கூடியது 14 டிகிரிதான். மார்கழிக் காலையில் மாடி டேங்கிலிருந்து 20 டிகிரியில் இறங்கும் தண்ணீர் 34 டிகிரி ஆகும், அதாவது நீங்கள் சொல்லும் அதே வெதுவெதுப்பு. ஆகவே காயில் முழுச் சக்தியுடன் எரிகிறது, அதில் குறையில்லை. தெர்மோஸ்டாட்தான் தண்ணீர் சுடும் முன்பே 'சுட்டுவிட்டது' என்று நினைத்து நிறுத்துகிறது.

ஏன் அப்படி நினைக்கிறது? தெர்மோஸ்டாட்டின் உணர்தண்டு காயிலை ஒட்டிய ஒரு குழாய்க்குள் இருக்கிறது. போர் தண்ணீரில் கரைந்துள்ள கால்சியம், மெக்னீசிய உப்புகளில் ஒரு பகுதி சூடு பட்டதும் சுண்ணாம்பாகப் பிரிந்து, எங்கே அதிகச் சூடோ அங்கே போய் ஒட்டும். அது காயில்தான். நாலு வருஷத்தில் காயிலும் அந்தக் குழாயும் ஒரே சுண்ணாம்புக் கட்டியாகச் சேர்ந்துவிட்டிருக்கும். காயிலின் சூடு தண்ணீருக்குப் போகும் முன்பே அந்தக் கட்டி வழியாகத் தண்டுக்குப் போய்விடுகிறது. பொரியும் சத்தமும் இதே காரணத்தால்தான் வருகிறது. படிவின் இடுக்கில் சிக்கிய தண்ணீர் கொதித்து ஆவியாகி, வெளியே வந்து குளிர்ந்து உடையும் ஓசை அது.

இந்த நிலையில் தெர்மோஸ்டாட்டின் திருகைக் கூட்டினால் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகச் சுடும் என்பது உண்மை. ஆனால் காயிலும் கூடுதலாகச் சுட்டு, சுண்ணாம்பு இன்னும் வேகமாக ஏறும். 60 டிகிரிக்கு மேல் போகப் போகப் படிவு கடுமையாகும். சீக்கிரமே காயில் உறை வெடிக்கக்கூடும். உப்புத் தண்ணீர் வீடுகளில் 55க்கும் 60க்கும் நடுவில் வைப்பதே சரி. 75இல் வைத்துப் பச்சைத் தண்ணீரைக் கலந்து குளிப்பதால் காயிலுக்கு நஷ்டம், உங்களுக்கு லாபம் எதுவும் இல்லை.

உப்பு படிந்தால் கரண்ட் பில் எகிறும் என்று பலரும் சொல்வார்கள். தண்ணீருக்குள் முங்கியிருக்கும் காயிலுக்கு அது பெரிதாகப் பொருந்தாது. காயிலில் பிறக்கும் சூடு எப்படியும் அந்தத் தண்ணீருக்குள்தான் போயாக வேண்டும், போக வேறு இடமில்லை. நஷ்டம் வேறு வகையில் வருகிறது. சூட்டை விட வழியில்லாமல் காயில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு சாகிறது. உதிர்ந்த சுண்ணாம்பு தொட்டி அடியில் சேர்ந்து தண்ணீர் நிற்கும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

எவ்வளவு சேரும் என்று பாருங்கள். ஒரு லிட்டரில் 600 மில்லிகிராம் என்பது இந்தியக் குடிநீர்த் தரம் அனுமதிக்கும் கடினத்தன்மையின் உச்ச அளவு. அப்படிப்பட்ட தண்ணீர் தினமும் 100 லிட்டர் கீசருக்குள் போனால் 60 கிராம் உப்பு போகிறது. அதில் இருபதில் ஒரு பங்கு தங்கினாலும் நாளைக்கு 3 கிராம், வருஷத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல். ஆயிரம் அடிக்குக் கீழே போட்ட போர்களில் இந்த 600ஐயும் தாண்டிய தண்ணீர் உண்டு. கையில் வைத்துப் பார்க்கும் டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைக் கொடுத்து 'மொத்தக் கடினத்தன்மை' எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

ஆக, உங்கள் கீசரை மாற்ற வேண்டியதில்லை, திறந்து சுத்தம் செய்தால் போதும். நாலு வருஷத் தொட்டி, வெளி உறைக்கும் தொட்டிக்கும் நடுவிலிருந்து துருத் தண்ணீர் கசியவில்லை என்றால், இன்னும் பல வருஷம் வரும். அப்படிக் கசிந்தால் மட்டும் அதற்கு வைத்தியம் இல்லை, வெல்டிங் வைத்தாலும் உள்பூச்சு கருகிப் போய் வேறிடத்தில் ஓட்டை விழும். உத்தரவாதக் காலம் இன்னும் மிச்சம் இருந்தால் அந்த அட்டையைப் படித்துவிட்டு, கம்பெனி ஆளையே கூப்பிடுங்கள். முடிந்திருந்தால் கீசர் வேலை தெரிந்த எலக்ட்ரீசியன் போதும். கரண்ட் இணைப்பு உள்ள வேலை என்பதால் நீங்களே கழற்ற வேண்டாம். ஆனால் பக்கத்தில் நின்று என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

முந்தின இரவே கீசரை அணைத்துவிடுங்கள். காலையில் ஸ்விட்சை மட்டுமல்ல, அதற்கான எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு, பிளக்கைப் பிடுங்கி வைக்க வேண்டும். உள்ளே வரும் தண்ணீரின் ஆங்கிள் காக்கை மூடிவிட்டு, சுடுதண்ணிக் குழாயைத் திறக்க வேண்டும். இதோடு தொட்டி காலியாகிவிடாது. சுடுதண்ணி வெளியேறும் குழாய் தொட்டிக்குள் உச்சி வரை போகிறது, அதன் வழியாகக் காற்றுதான் உள்ளே வரும். உள்வரும் இணைப்புக் குழாயோடு அந்த ஒருவழி வால்வையும் கழற்றினால்தான் தண்ணீர் இறங்கும். இரண்டு பெரிய வாளியும் ஒரு கோணிச் சாக்கும் தயாராக இருக்கட்டும். அடியில் கொஞ்சம் தண்ணீரும் சேறுமாக மிச்சம் நிற்கும், அது ஃபிளான்ச்சை, அதாவது காயில் மாட்டியிருக்கும் அடித்தகட்டை, திறக்கும்போது கொட்டும்.

அடிமூடியைக் கழற்றியதும் வயர் இணைப்புகளை செல்போனில் ஒரு படம் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தெர்மோஸ்டாட்டை உருவிய பிறகு, காயில் தகட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை எதிரெதிராகத் தளர்த்த வேண்டும். ஒரு பக்கமாகவே கழற்றினால் தகடு கோணி, மறுபடி மாட்டும்போது கசியும். தகட்டோடு காயிலும், தொட்டி துருப்பிடிக்காமல் காக்கும் மெக்னீசியம் ராடும் கீழே வரும். உப்பு பெருத்திருந்தால் வழியில் சிக்கும், அப்போது இழுக்கக் கூடாது. விரலால் உடைத்து உடைத்து இறக்க வேண்டும். சுத்தியலும் உளியும் அந்தப் பக்கமே வரக் கூடாது. காயில் உறை மெல்லியது, தொட்டியின் கிளாஸ் பூச்சு பீங்கான் மாதிரி, ஒரு தட்டில் தெறித்துவிடும்.

கையால் உதிர்வதை எல்லாம் உதிர்த்த பிறகுதான் சிட்ரிக் அமிலம். மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் கிடைக்கும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம். மூன்று லிட்டர் பிடிக்கும் குறுகலான பிளாஸ்டிக் டப்பா என்றால் 150 கிராம். அலுமினியப் போசி கூடாது, அமிலம் அதை அரிக்கும். 150 கிராம் அமிலம் 100 கிராமுக்குக் கொஞ்சம் மேலான சுண்ணாம்பைத்தான் கரைக்கும். முதலில் கையால் உதிர்க்கச் சொன்னது அதற்காகத்தான். மெக்னீசியம் ராடை முன்பே தனியாகக் கழற்றி வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் அமிலம் சுண்ணாம்பை விட்டுவிட்டு ராடைத் தின்னும். வயர் முனைகள் அமிலத்தில் நனையாதபடி காயில் பகுதியை மட்டும் முக்கி இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். நுரைத்துக்கொண்டு கரையும். நுரை அடங்கியும் படிவு மிச்சம் இருந்தால் கரைசலை ஒருமுறை புதிதாக மாற்றலாம். துளிக்கூட நுரைக்காமல் கல்லாக இருக்கும் படிவு பெரும்பாலும் சல்ஃபேட் வகை, அது சிட்ரிக்கில் கரையாது. அதோடு மல்லுக்கட்டாமல் காயிலை மாற்றிவிடுவது மேல். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றினால் ஐந்து நிமிஷத்தில் வேலை முடியும் என்பார்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், காயில் உறையைக் கண்ணுக்குத் தெரியாமல் பொத்தல் போடும். வேண்டவே வேண்டாம்.

காயிலைக் கழுவித் துடைத்த பிறகு மல்ட்டி மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். 2000 வாட்ஸ் காயிலின் இரண்டு முனைகளுக்கு நடுவில் 26 ஓம் அளவில் காட்ட வேண்டும், 25லிருந்து 29 வரை பரவாயில்லை. ஒரு முனைக்கும் வெளி உறைக்கும் நடுவில் எதுவும் காட்டவே கூடாது. அங்கே ஏதாவது அளவு காட்டினால் உறைக்குள் ஈரம் இறங்கிவிட்டது, காயில் கண்ணுக்கு எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் கழித்துவிட வேண்டியதுதான். கரண்ட் கசிவைச் சோதிக்கும் மெகர் கருவி வைத்திருப்பவர் என்றால் அதிலும் பார்ப்பது இன்னும் நம்பகம்.

தொட்டியின் உள்பக்கத்தைக் கையை விட்டு வழித்தெடுத்து, ஆங்கிள் காக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து நாலைந்து முறை அலசுங்கள். கம்பி போட்டுச் சுரண்ட வேண்டாம். சுவரில் மெல்லிதாக ஒட்டியிருக்கும் வெள்ளைப் படிவால் கெடுதல் இல்லை, அப்படியே இருக்கட்டும்.

மெக்னீசியம் ராடு பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் யாரும் கண்டுகொள்ளாத சாமான் அதுதான். கிளாஸ் பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டைகள் எப்போதும் இருக்கும். அந்த இடத்தில் தண்ணீர் இரும்பைத் தின்னப் பார்க்கும்போது, இரும்புக்குப் பதிலாகத் தான் கரைந்து தொட்டியைக் காப்பாற்றுவது இந்த ராடு. உப்பு கூடிய தண்ணீரில் மின்சாரம் எளிதாக ஓடும், அதனால் ராடும் சீக்கிரம் கரையும். சாஃப்ட்னர் போட்டாலும் இதில் மாற்றமில்லை, அது கடினத்தன்மையைக் குறைக்குமே தவிர மொத்த உப்பைக் குறைக்காது. புதிதாக வாங்கும்போது விரல் தடிமன் இருக்கும் ராடு பாதியாக மெலிந்திருந்தாலோ, நடுக்கம்பி வெளியே தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். உங்கள் கீசரில் நாலு வருஷமாகியும் மாற்றாததால் கம்பி மட்டும்தான் மிச்சம் இருக்கும். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் நீளமும் மரையும் ஒத்துப் பார்த்து வாங்குங்கள். நீளம் கூடினால் காயிலிலோ தொட்டியிலோ இடிக்கும். மாட்டும் மரையில் டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது. உலோகத்தோடு உலோகம் தொட்டால்தான் ராடு வேலை செய்யும்.

ரப்பர் கேஸ்கெட் ஒவ்வொரு முறையும் புதிது போட வேண்டும். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். பிறகு வயர் மாட்டும் முன்பே தண்ணீரை நிரப்பி, சுடுதண்ணிக் குழாயில் காற்று அடங்கிச் சீராகத் தண்ணீர் வரும் வரை விட்டு, அரை மணி நேரம் ஃபிளான்ச்சில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொட்டி நிரம்பாமல் ஸ்விட்ச் போட்டால் புதுக் காயிலும் நிமிஷத்தில் போய்விடும். எல்லாம் மாட்டி முடித்ததும் கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். தொட்டியில் பழைய சூடு இல்லாதபோது தொடங்கி, 30லிருந்து 35 நிமிஷத்தில் லைட் அணைந்தால் எல்லாம் சரி. இப்போதும் பன்னிரண்டில் அணைந்தால் தெர்மோஸ்டாட்டே பழுது, அதை மாற்றுங்கள். முக்கால் மணி நேரம் தாண்டியும் அணையாவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள், தெர்மோஸ்டாட் கரண்டைத் துண்டிக்கவில்லை. சூடு எல்லை மீறினால் கரண்டைத் துண்டிக்கும் கட்-அவுட்டின் சிவப்புப் பட்டன் வெளியே துள்ளியிருந்தால் ஒருமுறை அமுக்கலாம். மறுபடி துள்ளினால் அமுக்காமல் காரணத்தைத் தேடச் சொல்லுங்கள்.

இந்த வேலையை வருஷா வருஷம் ஆயுத பூஜை வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தறியும் மோட்டாரும் துடைத்து எண்ணெய் போடும் அதே நாட்களில் கீசரையும் திறந்தால் மறக்காது, குளிர் தொடங்கும் முன்பே முடிந்தும் விடும். நடுவில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கீசர் ஆறியிருக்கும்போது, உள்வரும் இணைப்பையும் ஒருவழி வால்வையும் கழற்றித் தொட்டியை வடித்தால் பொடி உப்பு போய்விடும்.

சாஃப்ட்னரைவிடச் செலவு குறைந்த வழி ஒன்று உங்கள் வீட்டுக்குப் பொருந்தும். குளிக்கிற தண்ணீர் முழுவதும் கீசருக்குள் போவதில்லை. 60 டிகிரிச் சுடுதண்ணியையும் 25 டிகிரிப் பச்சைத் தண்ணீரையும் கலந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர, வாளியில் பாதிக்கும் குறைவாகவே சுடுதண்ணி வேண்டும். நாலு பேருக்கு 20 லிட்டர் வாளி ஒவ்வொன்று என்றால் மொத்தம் 80 லிட்டரில் கீசருக்குள் போவது 35 லிட்டர்தான். வாரத்துக்கு 250 லிட்டர். நல்ல தண்ணீர் வரும் நாளில் மாடியில் 300 லிட்டர் சின்ன டேங்க் ஒன்றை நிரப்பி, கீசருக்கு மட்டும் அதிலிருந்து குழாய் இறக்கிவிட்டால் உப்புத் தொல்லையில் பெரும்பகுதி போய்விடும். இரண்டு டேங்கையும் ஒரே உயரத்தில் வையுங்கள். மிக்சர் குழாய் இருந்தால் உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீர் வரிசைக்குள் ஏற வாய்ப்புண்டு, அதனால் இரண்டுக்கும் தனித்தனிக் குழாயே நல்லது. நல்ல தண்ணீரானாலும் ராடு வேண்டும், வருஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பதும் வேண்டும்.

மாமனாரைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. காயில் உறை வெடித்தால் தண்ணீரிலேயே கரண்ட் இறங்கும். அந்த நேரத்தில் ஆளைக் காப்பாற்றுவது எர்த்தும், கரண்ட் கசிந்ததும் லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஸ்விட்சும். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கீசர் வேலைக்கு முன்பே அதைப் போடுங்கள். எம்.சி.பி. மட்டும் இருந்தால் போதாது, அது வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அமுக்கினால் டப்பென்று விழ வேண்டும். கீசரின் பிளக் 16 ஆம்பியர் மூன்று பின் பிளக்காக, சொந்த சாக்கெட்டில் இருக்க வேண்டும், 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயரில். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. 2000 வாட்ஸ் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், பின் பழுப்பேறியிருந்தால் பிடிப்பு தளர்ந்து சுடுகிறது என்று அர்த்தம், பிளக்கையும் சாக்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள். எர்த் வயர் தொட்டியின் உடம்பில் நட்டோடு இறுகியிருக்கிறதா என்பதையும் அடிமூடி திறந்திருக்கும்போதே பார்த்துவிடலாம். நம் பக்கத்து மண் சித்திரை வைகாசியில் காய்ந்து போகும், அப்போது எர்த் குழிக்கு வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். இவையெல்லாம் முடியும் வரை, கீசரைச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே அவரைக் குளிக்க அனுப்புங்கள்.